வாள் வாத்தியாரைத் தேடி

எங்கள் மணலியில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று யாராவது கேட்டால் ஒரு ஜாபிதாவே எழுதிக் கொடுத்துவிடுவேன். எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை இருக்கிறது. 1969-ல் ஓடத் தொடங்கியது. உரத் தொழிற்சாலை இருக்கிறது. அது 1971-ல் உற்பத்தியை ஆரம்பித்தது. சாலை நிறையக் கன்டெய்னர் லாரிகள் உண்டு. மூக்கு உள்ளவர்களுக்கு ஒவ்வொரு காற்றுக்கும் ஒவ்வொரு வாசனை உண்டு. 2011 முதல் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறோம் என்ற பெருமையும் உண்டு. ஆனால் ஜப்பானிய வாள் வித்தை சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் உண்டா? இப்படி ஒரு கேள்வியை ஒருவன் என்னிடம் கேட்பான் என்று நான் சொப்பனத்திலும் நினைத்ததில்லை.

கேட்டவன் எதிர்வீட்டுப் பையன். வயது பதினேழு. தகப்பனார் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர். பையன் நல்ல உயரம், நல்ல பிள்ளை, கொஞ்சம் கூச்சம். ஒரு நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, "மாமா, உங்களுக்கு நாலு பேரைத் தெரியும். ஜப்பான் கத்தி கத்துக் குடுக்கிற மாஸ்டர் யாராவது இருக்காங்களா?" என்றான்.

நான் பதில் சொல்வதற்கு முன் அவன் தாயார் எதிர்வாசலிலிருந்து, "அவனுக்கு நல்ல புத்தி சொல்லுங்கண்ணே!" என்று குரல் கொடுத்தாள். அவள் பயம் நியாயமானது. வடசென்னையில் 'கத்தி' என்ற சொல்லுக்கு ஒரு தனி அர்த்தம் வந்துவிட்டது. வயசுப் பையன் அந்தச் சொல்லை உச்சரித்தாலே பெற்றவள் வயிற்றில் புளி கரைகிறது. பையனோ மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டை வைத்துக்கொண்டு, கைபேசியில் பார்த்ததையெல்லாம் செய்து பார்த்திருக்கிறான். குழாய் தண்ணீர்த் தொட்டியில் மோதி, அவன் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தைப் பார்த்ததும், இவனுக்குப் புத்தி சொல்வதைக் காட்டிலும் வாத்தியார் தேடிக் கொடுப்பதே உத்தமம் என்று எனக்குத் தோன்றியது.

தேடினோம். திருவொற்றியூரில் ஒரு மாடியில் கராத்தே வகுப்பு நடக்கிறது. அங்கே உள்ளவர் மரியாதையாகப் பேசினார். வாள் தமக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொன்னார். நகரத்தின் மறுகோடியில் ஓரிடம் உண்டென்று ஒருவர் சொல்லக் கேட்டு விசாரித்ததில், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், மாதச் சம்பளமோ லாரிக்காரர் வீட்டுக்கு எட்டாத தொகை என்று தெரிந்தது. பையன் முகம் சுண்டிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பட்டணத்துக்கு வேண்டிய பெட்ரோலைக் காய்ச்சித் தருகிற ஊரில் ஒரு பையன் ஆசைப்பட்ட வித்தையைக் கற்க வழியில்லை.

அந்த ராத்திரி நான் ஒரு யோசனை செய்தேன். வாத்தியார் கிடைக்கவில்லை, போகட்டும். அந்த வித்தையின் சரித்திரத்தையாவது படித்து இவனுக்குச் சொல்வோமே என்று உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம் உண்டாயிற்று. வாள் வித்தைக்கு இடமில்லாமல் போன கதை மணலியில் மட்டும் நடந்ததல்ல. ஜப்பானிலேயே ஒரு முறைக்கு மேல் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது.

1588-ஆம் வருஷம் ஜப்பானை ஆண்ட தொயோத்தோமி ஹிதேயோஷி குடியானவர்களிடமிருந்த வாள்களையெல்லாம் பறிமுதல் செய்தான். பறித்த இரும்பு வீணாகாது, கியோத்தோவில் கட்டுகிற பெரிய புத்தர் சிலைக்கு ஆணியாகவும் கீலாகவும் ஆகும், ஆகவே கொடுக்கிறவனுக்கு மறுமையில் புண்ணியம் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது. ஆயுதத்தையும் வாங்கிக்கொண்டு, ஆசீர்வாதத்தையும் கொடுக்கிற சாமர்த்தியம் சர்க்கார்களுக்கு அன்றே இருந்திருக்கிறது!

அதற்குப் பிறகு வாள் சாமுராய் வகுப்பாருக்கு உரியதாயிற்று. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சண்டைகள் ஓய்ந்து, இருநூற்றைம்பது வருஷ காலம் நாட்டில் அமைதி நிலவியது. சண்டையில்லாத காலத்தில் வாளை என்ன செய்வது? பழகத்தான் வேண்டும், ஆனால் பழகும்போது சீடனைக் கொன்றுவிடக் கூடாது. 18-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நாகனுமா என்ற வாத்தியார் மூங்கில் வாளையும், தலைக்கும் கைக்கும் மார்புக்குமான கவசங்களையும் செம்மைப்படுத்தினார். இன்று அந்த மூங்கில் வாளை 'ஷினாய்' என்கிறார்கள். நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்து, நுனியிலும் பிடியிலும் தோல் உறை மாட்டிக் கட்டுகிறார்கள். அடித்தால் பட்டைகள் வளைந்து கொடுக்கும்; ஓசை பெரிதாக இருக்கும், எலும்பு முறியாது. 'கெண்டோ' என்று உலகம் இன்று அழைக்கிற வித்தை இதிலிருந்து வளர்ந்ததுதான்.

இதை மறுநாள் பையனிடம் சொன்னேன். "மூங்கிலா மாமா?" என்று கேட்டான். அவன் குரலில் ஏமாற்றம் இருந்தது. எஃகை எதிர்பார்த்திருந்தான்.

1868-ல் ஜப்பானில் பழைய ஆட்சி போய் மெய்ஜி சக்கரவர்த்தியின் புது ஆட்சி வந்தது. 1876-ல் ஓர் உத்தரவு பிறந்தது. ராணுவத்தாரும் போலீஸாரும் தவிர வேறு யாரும் இடுப்பில் வாள் தரித்து வெளியே வரக் கூடாது. அதற்கு முன்பே வாள் வாத்தியார்களின் பிழைப்பு போய்விட்டது. ஸகாகிபாரா கென்கிச்சி என்பவர் ஷோகன் பிரபுவுக்கே வாள் சொல்லிக் கொடுத்தவர். 1873-ல் அவர் என்ன செய்தார் தெரியுமா? தோக்கியோவில் கொட்டகை போட்டு, டிக்கெட் விற்று, வாள் பந்தயம் நடத்தினார். அரண்மனை வாத்தியார் சர்க்கஸ் முதலாளி மாதிரி வாசலில் ஜனங்களை எதிர்பார்த்து நின்றார். வித்தையை விலைக்கு விற்றுவிட்டார் என்று சில பேர் ஏசினார்கள். எனக்கென்னவோ அவர்மேல் மரியாதைதான் ஏற்பட்டது. பட்டினி கிடந்து வித்தையோடு மாண்டு போவதைவிட, நாலு பேர் முன்னால் அதை உயிரோடு வைத்திருந்தாரே!

1877-ல் தெற்கே ஸத்ஸுமாவில் கலகம் மூண்டது. அதை அடக்கப் போன போலீஸ் படையில் வாள் தெரிந்தவர்களைப் பொறுக்கி ஒரு தனிப் பிரிவு அமைத்தார்கள். அது நன்றாகச் சண்டை போட்டது. உடனே தோக்கியோ போலீஸ் தலைவர் கவாஜி தோஷியோஷி, வாள் பயிற்சி மறுபடியும் வேண்டும் என்று 1879-ல் எழுதினார். வேலையற்றுத் திரிந்த வாத்தியார்கள் போலீஸ் நிலையங்களில் உத்தியோகம் பெற்றார்கள். 1895-ல் கியோத்தோவில் 'பெருஜப்பான் வீரக்கலைச் சங்கம்' தோன்றியது. வித்தை பிழைத்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் என் மனசைத் தைத்தது. ஜப்பானில் வாள் தரிக்கக் கூடாதென்ற உத்தரவு 1876-ல். லிட்டன் பிரபு நம் தேசத்தில் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது 1878-ல். இடையில் இரண்டே வருஷம். நம் பக்கத்துக்கு அதுவும் புதிதல்ல. பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பர் முதல் தேதி சென்னை கவர்னர் போட்ட விளம்பரத்தின்படி தெற்குச் சீமையில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி, கோட்டைகளை இடித்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். ஜப்பானில் தடுத்தவனும் அந்த நாட்டு அரசே. ஆகையால் பின்னால் அதே அரசு வாத்தியாருக்குச் சம்பளமும் கொடுத்தது. இங்கே தடுத்தவன் அந்நியன். அவன் எதற்காக நம் வாள் வாத்தியாருக்குப் படியளக்கப் போகிறான்? தமிழனிடம் கம்பு மட்டும் மிஞ்சியது. ஆடு மேய்க்கிறவன் கையிலும் கம்புதான் இருக்கிறது. அதை ஆயுதமென்று எத்தனை பேரிடம் பிடுங்க முடியும்? சிலம்பம் கோயில் திருவிழாவிலும் ஊர்வலத்திலும் தலையைக் காட்டிக்கொண்டு, யார் தயவுமின்றி உயிர் பிழைத்தது.

வெளிநாட்டு வித்தைக்கு வாத்தியாரைத் தேடுகிற கஷ்டம் பெரியவர்களுக்கும் வந்ததுண்டு. மகாகவி தாகூர் 1905-லேயே ஸானோ என்ற ஜப்பானியரைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்து ஜூடோ கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1929-ல் தகாகாகி என்ற பெரிய நிபுணர் வந்தார். ஆண் பிள்ளைகளுடன் பெண்களும் கற்றார்கள். ஆனால் அந்த வித்தைக்கு வங்காளத்தில் நிலையான ஆதரவு தேடிய தாகூரின் முயற்சி கைகூடவில்லை, தகாகாகி போய்விட்டார். உலகமெல்லாம் கொண்டாடிய கவிக்கே ஒரு வாத்தியாரை நிறுத்தி வைக்க முடியவில்லையென்றால், மணலிவாசி நான் எம்மாத்திரம்!

இவ்வளவையும் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பையனும் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் என்னைத் தன் கொள்ளுப்பாட்டியிடம் அழைத்துப் போனான். அவர் இருப்பது பக்கத்திலுள்ள சடையங்குப்பம் பர்மா நகரில். 1962-ல் பர்மாவில் நே வின் ராணுவ ஆட்சி வந்து, 1964-ல் கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கியபோது, கப்பலேறி வந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. பாட்டிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கண் மங்கல்; காது கூர்மை.

"ஆயா, இவரு மாமா. எனக்கு ஜப்பான் கத்தி மாஸ்டர் தேடித் தர்றாரு" என்றான் பையன்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஜப்பான்காரன் கத்தியா? நான் பாத்திருக்கேன்" என்றார்.

ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தது 1942 மார்ச் மாதம். அப்போது பாட்டி சிறு பெண். அவர் சொன்னது இதுதான்: "ஆபீசர் தெருவுல வருவான். இடுப்புல நீளமா தொங்கும். பூட்ஸுல பட்டு டக்கு டக்குன்னு சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டா எங்கப்பா எங்களைத் தரையப் பாக்கச் சொல்லுவாரு. குனிஞ்சு நிப்போம். எங்க வீட்ல அவன் யாரையும் ஒண்ணும் பண்ணல. ஆனா கைய அதுமேலயே வச்சிருப்பான். இப்பவும் ராத்திரில ஏதாவது டக்கு டக்குன்னா தூக்கம் போயிடுது."

பையன் தலை குனிந்தான். நானும் வாயடைத்துப் போனேன். இத்தனை நாள் சரித்திரம் சொன்ன நான், அந்தச் சரித்திரத்தில் ஒரு பெரிய பக்கத்தைப் புரட்டாமலே விட்டிருந்தேன்.

அந்தப் பக்கத்தை நாம் மறக்கலாகாது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று சென்னைப் பட்டணமே மூட்டை கட்டி ஓடியது. மிருகக்காட்சிசாலையிலிருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போயிற்று. சென்னை அதோடு தப்பியது. மலேயாவிலும் பர்மாவிலும் இருந்த தமிழர் தப்பவில்லை. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை போட்டார்களே, அந்தக் காட்டில் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாக மாண்டார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வெட்டிய தலைகளைத் தெருவில் பார்வைக்கு வைத்தார்கள். அதே காலத்தில் நேதாஜியின் படையில் சேர்ந்து, ஜப்பானியர் பக்கம் நின்று, நம் விடுதலைக்கென்று துப்பாக்கி ஏந்திய தமிழர்களும் உண்டு. இரண்டும் வாஸ்தவம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது யோக்கியமல்ல.

அந்த அதிகாரிகள் தொங்கவிட்ட வாள்களில் பெரும்பாலானவை கூடப் பழைய கைவேலை அல்ல. பழைய கொல்லன் எஃகை மடித்து மடித்து அடித்து, களிமண் பூசி, நீரில் தோய்த்துப் பதம் வைப்பான். யுத்த காலத்து வாள்கள் ஆலைகளில் நூறு நூறாகச் செய்து எண்ணெயில் தோய்த்தவை. பள்ளிக்கூடங்களில் வாள் பயிற்சியை யுத்தத்துக்குத் தோதாக மாற்றினார்கள். பிள்ளைகளின் மனசைப் பழக்க வந்த மூங்கில், பிள்ளைகளை ரத்தத்துக்குப் பழக்கும் கருவியாயிற்று.

1945-ல் ஜப்பான் சரணடைந்தது. ஜெயித்தவர்கள் வாள்களைக் குவியல் குவியலாகப் பறிமுதல் செய்தார்கள். பள்ளிகளில் கெண்டோ தடை செய்யப்பட்டது. 1895-ல் தோன்றிய சங்கம் 1946-ல் கலைக்கப்பட்டது. மறுபடியும் வாத்தியாருக்கு இடமில்லை. இம்முறை அவர்கள் கொட்டகை போடவில்லை. தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்கள்: இந்த வித்தையில் யுத்தத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? 1950-ல், கவசத்தைக் குறைத்து, சட்டை கால்சட்டையோடு ஆடும் ஒரு விளையாட்டாக அதை மெல்ல வெளியே கொண்டுவந்தார்கள். 1952-ல் அந்நிய ஆதிக்கம் நீங்கிய பிறகு அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் அமைந்தது. 1970-ல் தோக்கியோவில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1975-ல் அந்தச் சம்மேளனம் கெண்டோவின் நோக்கத்தை எழுத்தில் வைத்தது: வாளின் நெறிகளைக் கொண்டு மனிதனின் குணத்தைப் பழக்குவதே இந்த வித்தை என்று. எதிரியை வெல்வது என்ற பேச்சே அதில் முதலிடம் பெறவில்லை. இதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு தோல்வியும் முப்பது வருஷமும் வேண்டியிருந்தது.

இதையும் பையனிடம் சொன்னேன். ஒரு வாரம் அவன் என் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஆசையைக் கெடுத்துவிட்டேனோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. எட்டாவது நாள் வந்தான். "மாமா, சிலம்பம் வாத்தியார் யாராவது இருந்தா சொல்லுங்க. கம்புலேர்ந்து ஆரம்பிக்கிறேன்" என்றான்.

அதற்கு நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. எண்ணூர்ப் பக்கம் மீனவர் குப்பத்தில் ஒருவர் இருக்கிறார். விடியற்காலையில் மணலில் பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பழக்குகிறார். சம்பளம் என்று எதுவும் கேட்பதில்லை. பையன் தயங்கித் தயங்கி ஜப்பான் ஆசையையும் சொல்லிவிட்டான். வாத்தியார் சிரிக்கவில்லை. அவன் மொட்டை மாடியில் பழகியதைச் செய்து காட்டச் சொல்லி, அவன் கையைப் பார்க்காமல் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை ஜப்பான்ல இருக்கு. காலு எங்கியுமே இல்ல" என்றார்.

பிறகு அவரே சொன்னார்: "தம்பி, அது வேற, இது வேற. ஒண்ணுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். கம்புக்கு வாய் கிடையாது, எந்தப் பக்கமும் அடிக்கலாம். கத்திக்கு ஒரு பக்கம்தான் வாய். புடிக்கிற புடியே வேற. ஆனா நிக்கிறதும், நகர்றதும், எதிராளியப் பாக்கறதும் எதுக்கும் வேணும். அத நான் தரேன். மிச்சத்த, அதுக்குன்னு உள்ளவங்ககிட்ட போய் வாங்கிக்க."

இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று சொன்ன இரண்டாவது வாத்தியாரை இந்தத் தேடலில் கண்டுவிட்டேன். கைபேசியில் இருக்கிற ஆயிரம் வாத்தியார்களில் ஒருவனும் என் எதிர்வீட்டுப் பையனின் பாதத்தைப் பார்த்தவனில்லை. எங்கிருந்து பார்ப்பான்?

மூன்று மாதம் ஆகிறது. பையன் ஞாயிறுதோறும் விடியுமுன் சைக்கிளில் போகிறான். சலாம் வரிசையும் காலடியும்தான் இதுவரை ஆகியிருக்கிறது. கெண்டோ ஆசை போய்விடவில்லை; வேலைக்குப் போய்ச் சம்பாதித்து மறுகோடிக்குப் போவேன் என்கிறான். போகட்டும், தாராளமாகப் போகட்டும். மணலிப் பிள்ளைகள் ஆலை வேலையும் லாரி ஓட்டும் மட்டுந்தான் கற்கவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? நாளைக்கு அவனே கற்று வந்து இங்கே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். எந்த ஊரிலும் முதல் வாத்தியார் அப்படித்தான் வந்திருப்பார்.

போன வாரம் அவன் கம்பை எடுத்துக்கொண்டு பர்மா நகருக்குப் போனானாம். கம்பு தரையில் தட்டிய சத்தம் கேட்டுப் பாட்டி, "யார்ரா அது?" என்று கேட்டாராம். இவன் கம்பை அவர் கையில் கொடுத்தான். அவர் நுனியிலிருந்து அடிவரை தடவிப் பார்த்துவிட்டு, "மூங்கிலு" என்றார். பிறகு, "இத வச்சு யார அடிக்கப் போற?" என்றார்.

"யாரையும் இல்ல ஆயா."

"சாப்ட்டியா?" என்று கேட்டாராம் பாட்டி. வீட்டுக்குள் வரும்போது மட்டும் இவன் கம்பைத் தரையில் தட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறான். அதை வாத்தியார் சொல்லிக் கொடுக்கவில்லை.